ஸ்டிக் கிரிப் சுவிட்சுகள் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சொந்தமாகக் கட்டிய விமானத்தில் ஸ்டிக்கில் (விமானத்தை இயக்கும் கம்பியில்) உள்ள பட்டன் ஒன்று வேலை செய்யவில்லை என்றால், கை முதலில் கிரிப்பை, அதாவது பட்டன்கள் உள்ள கைப்பிடியை, திறக்கத்தான் போகும். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கிரிப்புக்குள் 26, 28 கேஜ் வயர்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். திறந்து மூடும்போது நன்றாக இருந்த ஒரு வயர் இரண்டு பாதிகளுக்கும் நடுவே மாட்டி நசுங்கும். ஒரு பழுதைத் தேடப் போய் இன்னொன்றை உண்டாக்கியதுதான் மிச்சமாகும்.

ஸ்டிக்கின் அடியில் உள்ள கனெக்டரைக் கழற்றி, பழுது அதற்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று முதலில் பிரித்துவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கனெக்டரே இல்லாமல் கிரிப்பிலிருந்து பேனல்வரை வயரை ஒரே ஓட்டமாக இழுத்திருந்தால், இந்தப் பழுதைச் சரிசெய்யும் சாக்கில் ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது. 9 அல்லது 15 பின் டி-சப் (D வடிவ வாயுள்ள சிறு கனெக்டர்) போதும்.

வேலை தொடங்கும் முன்

ஸ்டார்ட்டர் பட்டனும் கிரிப்பில் இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளைக் கழற்றி, முனையை டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சுவிட்ச் 'ஆஃப்' நிலையில் இருப்பதாலேயே மேக்னெட்டோ செத்துக் கிடக்கிறது என்று எண்ண வேண்டாம். பி-லீட் வயர் (மேக்னெட்டோவைக் கிரவுண்டோடு சேர்த்து அணைக்கும் வயர்) அறுந்திருந்தால் அது உயிரோடுதான் இருக்கும். யாரும் புரொப்பெல்லர் வட்டத்துக்குள் நிற்கக் கூடாது.

ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட்டில் எரியும் இரண்டு மூன்று வாட் பல்பு ஒன்று, ஒரு முனையில் டி-சப் பின் அடித்த நான்கைந்து துண்டு வயர்கள் ஆகியவை போதும். டி-சப் பின்னின் குறுக்களவு 1 மில்லிமீட்டர்தான். மல்டிமீட்டரின் தடித்த முனையைச் சாக்கெட்டுக்குள் குத்தினால் அதன் வாய் விரிந்து, அடுத்த மாதம் விட்டு விட்டு வரும் பழுதுக்கு அதுவே காரணமாகும்.

சுற்று எப்படி இருக்க வேண்டும் என்பதும் மனதில் தெளிவாக இருக்கட்டும். வழக்கமான வயரிங்கில் கிரிப் பட்டன் 12 வோல்ட்டைச் சுமப்பதில்லை. ஒரு சிக்னல் வயரைக் கிரவுண்டோடு சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. பி.டி.டி. (ரேடியோவில் பேச அழுத்தும் பட்டன்), ட்ரிம் ரிலே (ஸ்டிக்கின் மீதான அழுத்தத்தைச் சமன்செய்யும் ட்ரிம் மோட்டாரை இயக்கும் மின்காந்தச் சுவிட்ச்), ஆட்டோபைலட், ரேடியோ ஃப்ளிப்-ஃப்ளாப் (அலைவரிசையை மாற்றும் பட்டன்) எல்லாம் இப்படித்தான். நான்கு திசைத் தொப்பி சுவிட்சுக்கு ஐந்து வயர்: ஒன்று கிரவுண்டுக்குப் போகும் பொது வயர், நான்கு திசைக்கு நான்கு. மிகச் சிக்கனமான இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த வயர் தோலுரிந்து விமானத்தின் உலோகத்தைத் தொட்டாலும், பட்டனை அழுத்தியதும் அதுவும் ஒன்றுதான். கீழே வரும் அறிகுறிகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

முதல் அளவு

மாஸ்டர் (விமான மின்சாரத்தின் முதன்மைச் சுவிட்ச்) ஆஃப். கனெக்டரைக் கழற்றி, கிரிப் பக்கத்தில் பொது பின்னுக்கும் ஒவ்வொரு சிக்னல் பின்னுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். அழுத்தாதபோது திறந்த சுற்று. அழுத்தியபோது 1 ஓமுக்கும் கீழே. பிறகு ஒவ்வொரு பின்னுக்கும் ஸ்டிக் குழாயின் வெற்று உலோகத்துக்கும் இடையே அளந்தால் எல்லாமே திறந்த சுற்றாக வர வேண்டும். இதே அளவுகளை, இன்னொருவர் ஸ்டிக்கை நான்கு மூலைகளுக்கும் மெதுவாகக் கொண்டுபோகும்போது மறுபடி பாருங்கள்.

மீட்டரின் பீப் ஒலியை நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் 30, 40 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். கெட்டுப்போன தொடர்பு அந்த ஒலிக்குள் ஒளிந்துகொள்ளும். எண்ணைப் பாருங்கள்.

எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை

எல்லாச் சுவிட்சும் ஒரே நாளில் சாகாது. பொது வயர் போயிருக்கும், அல்லது கனெக்டர் முழுதாக உட்காரவில்லை. ரேடியோ, ட்ரிம், ஆட்டோபைலட் மூன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருந்தும் மூன்றும் ஒன்றாகப் போனால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

கனெக்டரை மாட்டி, மாஸ்டரைப் போட்டு, பொது பின்னுக்கும் பேட்டரியின் எதிர்மின் முனைக்கும் இடையே வோல்ட் அளவில் மீட்டரை வையுங்கள். ட்ரிம்மை அழுத்துங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் கிரவுண்ட் பாதை மோசம். பெரும்பாலும் அந்தப் பொது வயரை ஸ்டிக்கின் போல்ட் ஒன்றிலேயே கட்டி முடித்திருப்பார்கள். ஸ்டிக் உலோகம்தான், ஆனால் அது உடலோடு சேர்வது கிரீஸ் பூசிய பேரிங்குகள் வழியாக. ஸ்டிக்கை ஆட்டும்போது அந்தத் தொடர்பு வந்து வந்து போகும். பொது வயருக்குத் தனி வயர் இழுத்து, பேனல் பக்கமுள்ள கிரவுண்ட் கட்டையில் முடியுங்கள்.

ஒரே ஒரு பட்டன் மட்டும் போய்விட்டது

கனெக்டரின் பேனல் பக்கத்தில், அந்தச் சிக்னல் சாக்கெட்டையும் பொதுச் சாக்கெட்டையும் துண்டு வயரால் ஒரு நொடி சேர்த்துப் பாருங்கள். அந்த வேலை நடந்தால் பழுது மேலே, கிரிப்பில். நடக்கவில்லை என்றால் கிரிப்பைத் தொடவே தேவையில்லை. கனெக்டரில் பின்னுக்குத் தள்ளப்பட்ட பின் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். டி-சப்பில் பின்னைச் செருகும்போது 'டிக்' என்று பூட்டாவிட்டால், எதிர்ப்பக்கத்தை மாட்டும்போது அது பின்வாங்கி நின்றுவிடும். ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்தால் எது கையோடு வருகிறது என்று தெரிந்துவிடும்.

கிரிப்பில்தான் பழுது என்றாகி, அழுத்தியபோது 20, 50, 200 ஓம் என்று எண் அலைந்தால் அது சுவிட்ச் தொடர்பின் அழுக்கு. பொருத்தமில்லாத சுவிட்ச் ரகமும் காரணமாக இருக்கும். சில ஆம்பியருக்கென்று செய்த வெள்ளி முனைச் சுவிட்ச், திரைக் கருவியின் உள்ளீட்டில் ஓடும் ஓரிரு மில்லி ஆம்பியரில் தன் முனையில் படியும் படலத்தை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள முடியாது. அங்கே தங்க முலாம் பூசிய முனை வேண்டும். தற்காலிகமாகப் பட்டனை இருபது முப்பது முறை வேகமாக அழுத்தினால் சரியானதுபோல இருக்கும், அது மருந்தல்ல. சுவிட்சை மாற்றுங்கள்.

ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்தால் மட்டும் பழுது வருகிறது

தரையில் எல்லாம் சரி, திரும்பும்போது ரேடியோ போகிறது என்றால் வயர் எங்கோ மடங்கி அறுந்திருக்கிறது. ஆட்டிப் பார்க்கும் சோதனையை மீட்டரை விட பல்பு நன்றாகச் செய்யும்: டிஜிட்டல் மீட்டர் அரை நொடி தாமதமாகக் காட்டும், பல்பு உடனே சிமிட்டும். விமானத்தின் வயர்களிலிருந்து விலக்கிய கிரிப் பக்கக் கனெக்டரில், 12 வோல்ட் பேட்டரி, பல்பு, சந்தேக வயர் மூன்றையும் தொடராக இணைத்து, பட்டனைக் கட்டி அழுத்தி வைத்து, ஸ்டிக்கை அசையுங்கள். பிறகு ஸ்டிக்கை அசைக்காமல், வயர்க் கட்டை மட்டும் இரண்டு விரலால் சாணுக்குச் சாண் நெருடிக்கொண்டே வாருங்கள்.

அறுந்த இடம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கும். ஸ்டிக் குழாயிலிருந்து வயர் வெளியே வரும் துளையின் விளிம்பு முதலாவது. அங்கே ரப்பர் குரோமெட் (விளிம்பை மூடும் வளையம்) இல்லாவிட்டால் துளையின் கூர்மை கத்தியாகிவிடும். இரண்டாவது, முதல் கேபிள் டை இறுக்கிய இடம். வயர் அங்கே ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப மடங்கும். மூன்றாவது, கிரிப் வயரை விமான வயரோடு பற்றவைத்த இடம். ஈயம் வயரின் இழைகளுக்குள் ஊறி ஏறி அந்தப் பகுதியைக் குச்சிபோல விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றுமிராது. விரலால் வருடினால் அந்த இடம் மட்டும் துவண்டு போகும்.

பற்றவைப்பு இருந்தே ஆக வேண்டுமென்றால், அது அசையாத பகுதியில், வெப்பச் சுருக்குக் குழாய்க்குள், இருபுறமும் கட்டி நிறுத்தப்பட்டு இருக்க வேண்டும். ஸ்டிக்கோடு ஆடும் பகுதியில் இணைப்பே கூடாது. 19 இழை கொண்ட, 22759/16 வகை டெஃப்செல் வயர் இந்த இடத்துக்குப் போதுமானது. ஒற்றைக் கம்பி வயர் அறவே ஆகாது.

மறுபடி அறுகாமலிருக்க, வயர்க் கட்டைத் தாறுமாறாகத் தொங்கவிடாமல், ஸ்டிக் சுழலும் அச்சின் நெடுகிலேயே கொஞ்ச தூரம் ஓடவிட்டு வெளியே எடுங்கள். அச்சின் மீது ஓடும் வயர் முறுக்கிக்கொள்ளும், மடங்காது. பத்து சென்டிமீட்டர் நீளம் சில பாகை முறுக்கிக்கொள்வதை வயர் பொருட்படுத்தாது. அதே அசைவு ஒரு புள்ளியில் மடிப்பாக விழுந்தால் தாங்காது.

ரேடியோ தானாக ஒலிபரப்புகிறது, அல்லது பட்டனை அழுத்தியும் குரல் போகவில்லை

ஒலிபரப்புக் குறி எரிந்துகொண்டே இருந்தால் ஸ்டிக் கனெக்டரைக் கழற்றுங்கள். அணைந்தால் பழுது கிரிப்பில் அல்லது ஸ்டிக் குழாய்க்குள்: பட்டன் ஒட்டிக்கொண்டது, அல்லது பி.டி.டி. வயர் உரிந்து குழாயைத் தொடுகிறது. அணையாவிட்டால் துணை விமானி ஸ்டிக்கைக் கழற்றுங்கள். அப்போதும் அணையாவிட்டால் மைக் ஜாக்கைப் பாருங்கள். பல ரேடியோக்கள் அரை நிமிடம் போல் தொடர்ந்து ஒலிபரப்பானதும் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். எனவே "கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது" என்றால் அது சரியாகவில்லை என்றே பொருள்.

பி.டி.டி. வயரில் வோல்ட் அளவு உதவும். ரேடியோ ஓடும்போது அழுத்தாத நிலையில் சில வோல்ட் இருக்க வேண்டும் (அளவு கருவிக்குக் கருவி மாறும்). அழுத்தினால் கிட்டத்தட்ட பூஜ்யம். அழுத்தியும் ஒரு வோல்ட் மிச்சமிருந்தால் கிரவுண்ட் பக்கம் மோசம்.

குரல் போகாத பழுதில் வேடிக்கையான வகைகள் உண்டு. மைக் ஜாக்கில் நுனி பி.டி.டி., நடு வளையம் மைக் ஒலி, உடல் கிரவுண்ட். ஸ்டிக்கிலிருந்து வரும் வயரை நுனியில் கொடுப்பதற்குப் பதில் வளையத்தில் கொடுத்துவிட்டால், பட்டனை அழுத்தியதும் இன்டர்காமில் உங்கள் குரல் அடங்கும், ஒலிபரப்புக் குறியும் எரியாது. மைக் ஒலியை நீங்களே கிரவுண்ட் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

குறி எரிகிறது, ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குக் குரலில்லாத வெறும் அலை மட்டும் போகிறது என்றால், இடது வலது பி.டி.டி. வயர்கள் மாறியிருக்கலாம். இரண்டு இருக்கைகளுக்கும் தனித்தனி பி.டி.டி. உள்ளீடு கொண்ட ஆடியோ பேனல், எந்தப் பட்டன் அழுத்தப்பட்டதோ அந்த இருக்கையின் மைக்கை மட்டும் ரேடியோவுக்கு அனுப்பும். வயர் மாறினால் பேசாதவரின் மைக் போகும். பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் அழுத்த அவர் பேசினால் ஐயம் தீர்ந்துவிடும். இரண்டு பி.டி.டி.யையும் ஒன்றாக இணைத்திருந்தாலும் இதுபோன்ற குழப்பமே வரும்.

ட்ரிம்: ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது, எதிர்ப்பக்கம் ஓடுகிறது, நிற்காமல் ஓடுகிறது

எதிர்த்திசையில் ஓடினால் மோட்டாரின் இரு வயர்களை மாற்றிப் போடுங்கள். ரே ஆலன் நிறுவனத்தின் சர்வோக்களில் (ட்ரிம்மை நகர்த்தும் மோட்டார் பெட்டிகளில்) மோட்டார் வயர்கள் இரண்டும் வெள்ளை. வண்ண வயர்கள் மூன்றும் இருப்பிடம் காட்டும் உணரிக்கு. காட்டி மட்டும் தலைகீழாக நகர்ந்தால் உணரியின் இரு முனை வயர்களை மாற்ற வேண்டும். நடு வயரைத் தொடக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ட்ரிம் தாவலை (வால் பகுதி எலிவேட்டரின் பின்விளிம்பில் உள்ள சிறு பலகையை) வெளியே நின்று கண்ணால் பார்த்துத்தான் திசையைத் தீர்மானிக்க வேண்டும்: மூக்கு மேலே போக எலிவேட்டரின் ட்ரிம் தாவல் கீழே போக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது என்றால் முதல் கேள்வி, சர்வோ ஏற்கெனவே ஓட்டத்தின் முனையில் நிற்கிறதா? உள்ளேயே எல்லைச் சுவிட்ச் கொண்ட சர்வோ முனையில் நின்றால் எதிர்த்திசையில் மட்டுமே ஓடும். அது பழுதல்ல. நடுவில் நின்றும் அப்படியே என்றால் ரிலேக்களுக்குப் போங்கள்.

இரண்டு ரிலே வைத்த வழக்கமான சுற்றில் ஒவ்வொரு ரிலேயின் 30ஆம் முனையும் மோட்டாரின் ஒரு வயருக்குப் போகிறது. 87 என்ற முனைக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட், 87ஏ கிரவுண்டுக்கு. சுருளின் 86 நேர்மின்னுக்கு, 85 ஸ்டிக் பட்டன் வழியாகக் கிரவுண்டுக்கு. இதில் பலரும் தவறவிடும் சூட்சுமம்: 'மேலே' ரிலே இழுக்கும்போது மின்னோட்டம் திரும்பிவருவது 'கீழே' ரிலேயின் 87ஏ வழியாக. எனவே 'மேலே' ரிலே 'கிளிக்' என்கிறது, மோட்டார் ஓடவில்லை என்றால் குற்றவாளி மற்ற ரிலேயாக இருக்கலாம். இரண்டையும் இடம் மாற்றுங்கள். பழுது 'கீழே' பக்கம் போனால் ரிலேக்களில் ஒன்று கெட்டது. இரண்டையும் புதிதாக மாற்றிவிடுவதே மலிவு. பழுது அதே பக்கம் நின்றால் சாக்கெட்டிலும் வயரிலும் தேடுங்கள். 'கிளிக்' சத்தமே இல்லையென்றால் ஸ்டிக் பட்டன் அல்லது சுருள் பக்கம்.

நிற்காமல் ஓடும் ட்ரிம்தான் இந்தக் கட்டுரையிலேயே ஆபத்தானது. தரையில் என்றால், ஓடும்போதே ஸ்டிக் கனெக்டரைக் கழற்றுங்கள். நின்றால் ஸ்டிக் பக்கம் வயர் கிரவுண்டாகிறது அல்லது பட்டன் ஒட்டியிருக்கிறது. நிற்காவிட்டால் ரிலேயைப் பிடுங்குங்கள். பிடுங்கியதும் நின்றால், தொடர்புகள் உருகி ஒட்டிக்கொண்ட ரிலே அது, அல்லது 85 முனைக்குப் போகும் வயர் கனெக்டருக்குக் கீழே எங்கோ உடலைத் தொடுகிறது. வானத்தில் என்றால் தேடல் வேலை கிடையாது: கை எட்டும் இடத்தில் ட்ரிம்முக்கென்று தனிச் சுவிட்சோ பிரேக்கரோ இருக்க வேண்டும், அதை அணைக்க வேண்டும். மேலே சொன்ன இரட்டை ரிலே வயரிங்கில் எதிர்ப் பட்டனை அழுத்திப் பிடித்தால் மோட்டாரின் இரு முனைகளிலும் 12 வோல்ட் வந்து அது நின்றுவிடும். விட்டதும் மறுபடி ஓடும். சுவிட்சுக்குக் கை போகும்வரை அது ஒரு அவகாசம், அவ்வளவே. தனிச் சுவிட்ச் இல்லாமல் ட்ரிம் பறக்கக் கூடாது.

இரண்டு ஸ்டிக்கிலும் ட்ரிம் இருந்து, ஒருவர் மேலே, மற்றவர் கீழே அழுத்தியதும் ஃபியூஸ் போனால், ரிலே இல்லாமல் மோட்டார் மின்சாரத்தையே இரு ஸ்டிக் சுவிட்சுகள் வழியாக இணையாக ஓட்டியிருக்கிறீர்கள். எதிரெதிராக அழுத்தினால் அது நேர் ஷார்ட். ரிலே போடுவதுதான் ஒரே தீர்வு. ரே ஆலன் அளவுச் சர்வோவுக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். போகிறதே என்று 5 ஆம்பியர் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் கிரிப்பின் மெல்லிய வயர் புகையும்.

அழுத்தியபின் பட்டன் விடுபடவில்லை

பட்டன் ஸ்பிரிங் நன்றாக மேலே வருகிறது, ஆனால் சுற்று மூடியே இருக்கிறது என்றால் உள்ளே தொடர்பு ஒட்டிக்கொண்டது. காரணம் ரிலே சுருள். மின்சாரம் துண்டிக்கப்படும் கணத்தில் சுருளில் எழும் மின்னழுத்தம் நூறு வோல்ட்டையும் தாண்டும். ஒவ்வொரு முறை பட்டனை விடும்போதும் சுவிட்ச் முனையில் ஒரு பொறி பறக்கும். ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் 1என்4007 டையோடு ஒன்று போடுங்கள், பட்டையிட்ட முனை நேர்மின் பக்கம் இருக்கட்டும். தலைகீழாகப் போட்டால் முதல் அழுத்திலேயே டையோடு வழியாக நேர் ஷார்ட் ஆகும். டையோடு போட்ட நாளிலிருந்து ஃபியூஸ் போகிறது என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் கான்டாக்டர் (ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் பெரிய ரிலே) சுருள் மூன்று நான்கு ஆம்பியர் இழுக்கும். கிரிப் பட்டனில் நேராக இதை இணைத்தால் பட்டன் ஒட்டுவது எப்போது என்பதுதான் கேள்வி. தவிர, 28 கேஜ் வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம், போக வர இரண்டு மீட்டரில் 4 ஆம்பியருக்கு 1.7 வோல்ட் அங்கேயே போய்விடும். குளிர்ந்து களைத்த பேட்டரியில் கான்டாக்டர் படபடவென்று அடிப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. ஃப்ளாப் மோட்டாருக்கும் இதே விதி. ஸ்டார்ட்டர் பட்டன் கிரிப்பில் வேண்டுமா என்பதே என் கணக்கில் சந்தேகம். வைத்தே ஆக வேண்டுமென்றால், பேனலில் தனிச் சுவிட்ச் ஒன்றைப் போட்டால்தான் அது உயிர்பெறும்படி செய்யுங்கள்.

பி.டி.டி. அழுத்தினால் ட்ரிம் நகர்கிறது, ஆட்டோபைலட் விடுபடுகிறது

விமான ரேடியோவின் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கால் அலைநீளம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஸ்டிக்கிலிருந்து தரைவரை போகும் வயரின் நீளமும் கிட்டத்தட்ட அதுவே. நல்ல ஆன்டெனாவாக அது வேலை செய்வதில் வியப்பில்லை. அலையை மறைக்க உலோக உடல் இல்லாத கலவைப்பொருள் விமானங்களில் இது கூடுதல்.

ஆன்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடை (அலையை வெளியே விடாமல் உள்வாங்கும் மின்தடையை) மாட்டி ஒலிபரப்புங்கள். (எதையும் மாட்டாமல் ஒலிபரப்பாதீர்கள், ரேடியோ கெடும்.) தொல்லை மறைந்தால் அலைதான் காரணம்: ஆன்டெனாவின் அடித்தளக் கிரவுண்டையும் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) முனையையும் முதலில் சரிபாருங்கள், பிறகு கருவியின் உள்ளீட்டருகே சிக்னல் வயரிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரை மிகக் குட்டையான கால்களோடு போடுங்கள், வயர்க் கட்டில் 43ஆம் ரக ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டுங்கள். டம்மி லோடிலும் தொல்லை தொடர்ந்தால் அலையைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒலிபரப்பும்போது ரேடியோ கூடுதலாக இழுக்கும் மின்னோட்டம், ஸ்டிக்கின் பொது வயரும் பயன்படுத்தும் அதே மெல்லிய கிரவுண்ட் வழியாகப் போகிறது. ரேடியோவுக்குத் தனிக் கிரவுண்ட் கொடுங்கள்.

ஆட்டோபைலட் பட்டன் மட்டும் புதிரானால் அந்தக் கருவியின் வயரிங் படத்தை எடுங்கள். சில கருவிகள் அழுத்தினால் மூடும் சுவிட்சை எதிர்பார்க்கும்; சில, அழுத்தினால் திறக்கும் சுவிட்சை; சில, கிரவுண்டுக்குப் போகும் வழியில் குறிப்பிட்ட மின்தடையையும் கேட்கும்.

மூடும் முன்

கழற்றக்கூடிய துணை ஸ்டிக் இருந்தால், விமான உடலோடு நிற்கும் பக்கம் சாக்கெட்டாகவும், ஸ்டிக்கோடு போகும் பக்கம் பின்னாகவும் இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் ஸ்டிக்கைக் கழற்றியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின், இருக்கை உலோகத்தைத் தொட்டு ரேடியோவைத் தானாக இயக்கும்.

தரை உறையை மாட்டும் முன் ஸ்டிக்கை முழு முன், முழுப் பின், நான்கு மூலைகள் என்று கொண்டுபோய், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். வயர்க் கட்டு எங்கும் இழுபடக் கூடாது, எந்தத் தள்ளுகம்பியோடும் உரசக் கூடாது, ஸ்டிக்கைத் தடுக்கும் அளவுக்குத் தளர்ந்து தொங்கவும் கூடாது. உறையை மாட்டியபின் இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். உறையின் இறுக்கம் வயரை வேறு இடத்துக்குத் தள்ளியிருக்கும். கழற்றி வைத்த ஸ்டார்ட்டர் கேபிளை மாட்டுவது கடைசி வேலை.